நிலாவுக்கு ஐந்து படி

நிலாவின் குறுக்கே ஒரு கருப்புக் கோடு விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. பல் டாக்டர் கட்டடத்து மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் இடிதாங்கிக் கம்பியை நேற்று இதே கேமராவில், இதே இடத்திலிருந்து புகைப்படக்காரர் பார்த்து வைத்திருந்தார். இன்று அந்த மாடிக்குப் பின்னால் நிலா எழுந்ததும் கம்பியைக் காணோம். முன்னால் இருக்கிற கம்பியைப் பின்னால் இருக்கிற நிலா எப்படி மறைக்கும்? லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கம்பி இல்லை. வெளிச்சம் கூடிப்போனதால்தான் அப்படி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

கம்பியைத் தேடிக்கொண்டிருக்க அவருக்கு நேரமும் இல்லை. காலண்டர் அச்சகக்காரர் கேட்டது ஒரே ஒரு படம்: நிலாவுக்குள் ஒரு பெண் நிற்கிற மாதிரி. வாயால் சொல்லிவிட்டுப் போவது சுலபம். போன மாதம் மேகம் கெடுத்தது. அதற்கு முந்தின மாதம் எடுத்துக் கொடுத்ததை, "என்ன சார், நிலா எலுமிச்சம்பழம் சைசுக்கு இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இந்த வருடத்திலேயே பெரிய நிலா இன்றைக்குத்தான். காலை ஒன்பது மணிக்கு அச்சு ஓடும். இதையும் கோட்டை விட்டால் இனி அச்சகத்துப் படியேறவே முடியாது. அந்த எரிச்சல் சாயங்காலத்திலிருந்து அவர் பல்லுக்கிடையில் நறநறத்துக்கொண்டிருந்தது.

நிலா இரண்டு ஆள் உயரத்துக்குத் தெரிய வேண்டுமானால் நிற்கிறவள் நானூறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தன் வீட்டு மாடியிலிருந்து அளந்து பார்த்தபோது சரியாக அங்கே இருந்தது பல் டாக்டர் கட்டடம். டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள் புகைப்படக்காரரின் மனைவிதான். மாடிச் சாவியும் அவளிடம்தான். வேறு ஆள் தேடுவானேன்? வேலை முடிந்த கையோடு அவளை மேலே ஏற்றிவிட்டார்.

"இன்னும் எவ்வளவு நேரங்க?" காதில் மாட்டியிருந்த போனில் அவள் குரல் சலித்துக்கொண்டது. "காலைலேர்ந்து பல்வலிக்காரங்க மூஞ்சியே பாத்தாச்சு. இப்ப பாக்க ஒரு மூஞ்சிகூட இல்ல."

"பேசாத. வாய் அசையுது."

"கருப்பாத்தானே தெரியப்போறேன்? அதுல வாய் எங்கேர்ந்து தெரியும்?"

அதுவும் சரிதான். நிலாவின் கறைகள் துலக்கமாக விழட்டும் என்று கேமராவில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போயிருந்தார். குறைக்கக் குறைக்க மற்றதெல்லாம் கரியாகிவிடும். கட்டடம் போனது, தொட்டி போனது, அவள் முகமும் போனது. கத்தரித்து ஒட்டிய கருப்புக் காகிதம் மாதிரி நின்றாள். ஆனால் அளவு ஒத்துவரவில்லை. இரண்டு ஆள் உயரம் இருக்க வேண்டிய நிலா ஆறு ஆள் உயரம் இருந்தது. தன் கணக்குத்தான் எங்கோ உதைக்கிறது என்று நினைத்தார். அதற்குள் அதன் அடி அவள் இடுப்புக்கு மேலே போய்விட்டது.

"தொட்டிப் பக்கத்துல படி இருக்குல்ல? அஞ்சு படி. ஏறி மேடை மேல நில்லு. சீக்கிரம், நிலா மேல போகுது."

"வேணாங்க. இங்க என்னமோ மாதிரி இருக்கு. முதுகெல்லாம் ஜில்லுங்குது."

"காத்தடிக்கும், அதான்."

"காத்தே இல்ல. பல்ல ராவும்போது ஒரு வாசனை வரும்ல, அது வருது. கிளினிக்கப் பூட்டிட்டுத்தானே வந்தேன்?"

பொறுமை அறுந்தது. "என் வேலை என்னைக்கு உனக்கு முக்கியமா இருந்திருக்கு? இன்னைக்கு ஒரு நாள் சொன்னதச் செய்யேன்!"

சொன்ன உடனேயே அவருக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் வாபஸ் வாங்க வாய் வரவில்லை.

"ஏறுறேன். கத்தாதீங்க," என்றாள் மெதுவாக. "படி கண்ணுக்குத் தெரியல. எல்லாமே வெள்ளையா இருக்கு."

"கைப்பிடியப் புடிச்சுக்க. எண்ணிட்டே ஏறு."

"ஒண்ணு. ரெண்டு."

வட்டத்துக்குள் அந்தக் கருப்பு உருவம் மெல்ல உயர்ந்தது. கேமரா பொத்தானைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு மாதப் பாடும் தீர்ந்தது. நிலாவுக்குள் ஒரு பெண், பிசிறில்லாமல், தலைமுடி காற்றில் அலையாமல்.

"நாலு. அஞ்சு."

"போதும். அங்கேயே நில்லு."

"ஆறு."

"அஞ்சுதான் இருக்கு."

"இன்னும் இருக்கேங்க. ஏழு."

நேற்று தப்பாக எண்ணிவிட்டோமோ? உருவம் இன்னும் மேலே ஏறியது. சற்றுச் சிறுத்தும் இருந்தது.

"ஒன்பது."

"நில்லுன்னு சொல்றேன்ல!"

"நின்னா யாரோ தள்ற மாதிரி இருக்கு. பத்து."

விரல் தானாகக் கேமராவிலிருந்து விலகியது.

"இறங்கு. படம் கிடக்கட்டும். இறங்கி வந்துடு."

போனில் செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. பிறகு, "கீழ படி இல்லங்க. கால வச்சுப் பாத்தேன். மேலதான் இருக்கு."

கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். இதுவரை வெறுங்கண்ணால் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நிலா கட்டடத்துக்குப் பின்னால் இல்லை. மாடியின் மேலேயே இருந்தது. ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை அடைத்துக்கொண்டு. பார்க்கப் பார்க்க மாடியை விட்டுக் கிளம்பியது. சத்தமில்லாமல். எழும்ப எழும்பச் சிறுத்தது.

இடிதாங்கிக் கம்பி தெரிந்தது. தொட்டி தெரிந்தது. கேமராவைத் திருப்பி, வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தார். படிகள். ஐந்து. மாடியில் ஆள் இல்லை.

கீழே தெருவில் யாரோ கடை ஷட்டரை இழுத்து மூடினார்கள். "நிலா இன்னைக்கு என்ன அழகு, பாத்தியா?" என்று ஒருவன் கூட வந்தவளிடம் சொல்லிக்கொண்டு போனான். எல்லா நாளும் வருகிற நிலாவாக அது வானத்தில் இருந்தது.

"எங்க இருக்க?" கத்தினார். குரல் கீச்சிட்டது. "எங்க இருக்க நீ?"

"நூத்தி முப்பத்தொண்ணு," என்றாள். வெகு தொலைவிலிருந்து. அழுதுகொண்டிருந்தாள். "ஏங்க, மேல நிறைய பேர் நிக்கிறாங்க. கூப்பிட்டா யாருமே பேச மாட்டேங்கிறாங்க. எனக்குப் பயமா இருக்குங்க."

கேமராவை நிலாவுக்குத் தூக்கினார். வெளிச்சத்தைக் குறைத்தார். லென்ஸ் வளையத்தைத் திருகினார். மறுபடி திருகினார்.

சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய அந்தக் கறைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. தோள்கள். தலைகள். நெருக்கியடித்து. அத்தனையும் அவர் பக்கமே திரும்பி, அசையாமல்.

ஓரத்தில் ஒருத்தி மட்டும் இன்னும் ஏறிக்கொண்டிருந்தாள்.