தொண்ணூற்றேழு புள்ளி ஆறு

"தொண்ணூத்தொம்பது புள்ளி எட்டு. உள்ள விட முடியாது."

ஏஞ்சல் சொன்னதும், மழையில் நனைந்து நின்றவன் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"இன்னா மேடம்... பனகல் பார்க்லேர்ந்து டூல்ஸ தூக்கினு ஓடியாரேன். சூடு இருக்காதா?"

"பத்து நிமிஷம் வெளிய நில்லுங்க. மறுபடி பாக்கலாம்."

"மழை பெய்யுதே!"

"அப்ப சீக்கிரம் ஆறிடும்."

அவன் சிரித்தான். மாஸ்க்குக்கு மேலே இருந்த இரண்டு கண்கள்தான் சிரித்தன... மழைத்துளி ஒன்று இமையில் தொங்கிக்கொண்டிருக்க, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏஞ்சல் அவசரமாக ரிஜிஸ்டரில் குனிந்துகொண்டாள். டில்லிபாபு, ஏசி மெக்கானிக், மேற்கு மாம்பலம், 99.8. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தபோது நார்மல். உள்ளே விட்டாள். அதை மட்டும் எழுத மறந்துபோனாள்.

அது 2020 செப்டம்பர். தி. நகரில் மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த அந்த ஓட்டலை அப்போதுதான் திறந்திருந்தார்கள். ரிசப்ஷனில் இருந்த ஏஞ்சலை வாசலுக்கு அனுப்பியிருந்தார் மேனேஜர் கனகராஜ். வருகிறவர் யாரானாலும் காய்ச்சல் பார்த்து எழுத வேண்டும். சந்தேகம் என்றால் திருப்பி அனுப்ப வேண்டும். உள்ளே வேலை செய்கிற இருபத்திரண்டு பேரின் உயிர் அவள் கையில்... அப்படித்தான் சொன்னார். சாந்தோம் குப்பத்தில் அப்பாவின் படகு கரையிலேயே கிடந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது இவள் சம்பளத்தில்.

டில்லி தினமும் வந்தான். அறை அறையாக ஏசியைக் கழற்றிக் கழுவினான்.

"மூணு நாளா என் நெத்தியவே பாக்கறீங்க. மூஞ்சி எப்டி இருக்கும்னு ஒரு தபா கேட்டீங்களா?"

"நெத்தியே போதும்."

"அப்ப புடிச்சிருக்குன்னு சொல்லுங்க."

"நார்மல்னு சொல்றேன். போங்க!"

அவன் லிஃப்டுக்குள் மறைகிற வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மறைந்த பிறகு பார்த்தாள்...

நாலாம் நாள் பெரிய கார் ஒன்று வந்து நின்றது. நகை வியாபாரி, பல வருஷத்து வாடிக்கையாளர். இறங்கும்போதே இருமினார். ஏஞ்சல் காய்ச்சல் பார்க்கும் கன்னை நீட்டியதும் கையால் தள்ளிவிட்டார்.

"என்ன, என்னைப் பாத்தா நோயாளி மாதிரி இருக்கா?"

பின்னாலிருந்து கனகராஜ் கண்ணைக் காட்டினார். "சாரை விடும்மா."

விட்டாள். விடச் சொன்னது மேனேஜர். ஆனால், 97.6 என்று எழுதச் சொன்னவர் யாருமில்லை. அந்த எண்ணை அவளே யோசித்தாள். அவளே எழுதினாள்.

சாயங்காலம் அவர் அறையில் ஏசி ஓடவில்லை என்று புகார் வந்தது. மேஜையில் ஓட்டல் போன் இருந்தது. ஏஞ்சல் ரிஜிஸ்டரில் இருந்த நம்பரைப் பார்த்துத் தன் போனிலிருந்தே டில்லியைக் கூப்பிட்டாள். அவன் ஓடி வந்தான். ஜன்னல் மூடிய அந்த அறையில் முக்கால் மணி நேரம் நின்று வேலை பார்த்தான்.

ஐந்தாறு நாளில் எல்லாம் தெரிந்துவிட்டது. நகை வியாபாரிக்குக் கொரோனா. டில்லிக்கும் கொரோனா. அவன் அம்மா கோவிந்தம்மாவுக்கும். ஓட்டல் ஊழியர்களுக்கு டெஸ்ட் எடுத்ததில் யாருக்கும் இல்லை. தனக்கும் இல்லை என்று தெரிந்தபோது ஏஞ்சலுக்கு நிம்மதி வரவில்லை. வெட்கமாக இருந்தது.

டில்லியிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி மறுபடி வந்தது. திட்டத்தான் கூப்பிடுகிறான், திட்டட்டுமே என்று தோன்றும்... ஆனாலும் விரல் அசையாது.

சுகாதார ஆய்வாளர் வந்தார். கனகராஜ் ரிஜிஸ்டரைத் திறந்து நீட்டினார்.

"பாருங்க சார், எங்க கெஸ்ட் வரும்போது நார்மல். இந்த மெக்கானிக்குக்குத்தான் முதல் நாளே சூடு. அவன்தான் கொண்டுவந்திருக்கான்." அப்புறம் ஏஞ்சல் பக்கம் குனிந்து, "நல்லவேளை, நீ எழுதி வெச்சே" என்றார்.

ஏஞ்சலின் காது இரண்டும் எரிந்தன. ஏழையை மழையில் நிறுத்திய எண் நிஜம். பணக்காரரை உள்ளே விட்ட எண் பொய். இரண்டும் அவள் கையெழுத்து.

"சார்... அந்த தொண்ணூத்தேழு புள்ளி ஆறு பொய். நான் பாக்கவே இல்ல. டில்லிபாபுவுக்கு ரெண்டாவது தடவ நார்மல்தான் இருந்துது. அத நான் எழுதல."

மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அது அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

டில்லியும் அம்மாவும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, தனிமை நாட்களும் முடிந்த பிறகு ஒரு காலையில் மேற்கு மாம்பலம் போனாள். சந்துக்குள் வீட்டைக் கேட்டதும், "அந்த கொரோனா வீடா?" என்று தூரத்திலிருந்தே கையைக் காட்டினார்கள். கதவைத் திறந்தது அவன்தான். முழு முகத்தையும் அன்றுதான் பார்த்தாள். கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து... பார்க்கிற யோக்கியதைகூடத் தனக்கு இல்லை என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கார் வந்ததை, மேனேஜர் கண்ணைக் காட்டியதை, தானே யோசித்து எழுதிய எண்ணை.

அவன் கதவிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா ரெண்டு நாள் ஆக்சிஜன்ல இருந்துச்சு" என்றான் கடைசியில். "கோவம் கீது. இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

"தெரியும்... திட்டத்தான் அத்தன தடவ கூப்ட்டீங்கன்னும் தெரியும்."

"திட்டறதுக்கா?" அவன் அவளை உற்றுப் பார்த்தான். "எனக்கு ஜொரம் வந்தப்போ மொதல்ல நெனச்சதே உங்களத்தான். உங்களுக்கும் ஒட்டிக்கிச்சோன்னு... டெஸ்ட் எடுங்கன்னு சொல்லத்தான் கூப்ட்டேன்."

கண்ணீரில் ஏஞ்சலின் மாஸ்க் நனைந்து உதட்டில் ஒட்டியது.

"இன்னொன்னும் சொல்லிடறேன். சொல்லலேன்னா அதுவும் பொய்யாயிடும். அன்னிக்கு ஓட்டல் போன்ல உங்க கம்பெனிக்கே சொல்லியிருக்கலாம். உங்கள பாக்கணும்னுதான் நானே கூப்ட்டேன். எனக்கு உங்கள... ரொம்பப் புடிச்சிருக்கு. நீங்க கோவமாவே இருங்க. பரவால்ல."

சந்தில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். அது தேய்ந்து மறையும்வரை டில்லி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும்தான்" என்றான். "கோவத்தோடதான்... ஆனா எனக்கும்தான்."

உள்ளேயிருந்து இருமலும் அதன் பின்னால் ஒரு குரலும் வந்தன. "யாருடா வாசல்ல?"

அவன் கதவை முழுசாகத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

"நீங்களே சொல்லுங்க. மொதல்ல அத சொல்லுங்க. அப்பால நம்ம விஷயத்த."

கட்டிலில் தலையணைக்கு மேல் சாய்ந்திருந்த கோவிந்தம்மா இவளைப் பார்த்தாள். ஏஞ்சலுக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை.

"அம்மா... எம்பேரு ஏஞ்சல். உங்களுக்கு நோவு வந்ததுக்குக் காரணம் நான்தான்."