முப்பது வினாடி சாட்சி

காலை 11.40. தட்டில் வெற்றிலை இருந்தது, பாக்கு இருந்தது. தங்கக் காசு மட்டும் இல்லை.

சூளகிரியை ஒட்டிய அந்த உதிரிபாகத் தொழிற்சாலையில் 2004ஆம் வருட ஆயுத பூஜை. பூசாரி லேத் மெஷினில் தொடங்கி, சுத்தியல், காவலாளியின் விசில், சுபாஷின் புத்தம் புது டிஜிட்டல் கேமரா வரை ஒன்றையும் விடாமல் சந்தனம் அப்பிவிட்டு, அடுத்த கம்பெனிக்கு ஓடிவிட்டார். காசு மதியக் குலுக்கலுக்கான பரிசு. அதைத் தட்டில் வைத்தவளும், பூஜை முடிந்து எல்லோரும் பூசணிக்காய் உடைக்க வெளியே போனபோது தட்டு இருந்த அறையைப் பூட்டியவளும் ஸ்டோர்ஸ் ஹரிணிதான்.

"ரெண்டு மணிக்குள்ள காசு வரலைன்னா நாளையில இருந்து வேலைக்கு வர வேணாம்மா," என்றார் மேலாளர் பூபதி.

"நான் வெச்சேங்க சார். சாமி சத்தியமா வெச்சேன்."

காலை 11.55. பராமரிப்புப் பிரிவு சுபாஷ் தலையைச் சொறிந்தான். "சொல்லவே சங்கடமா இருக்குது சார்," என்றவன், சொல்லவும் செய்தான். பூஜைக்கு முன்பே தட்டை வீடியோ எடுத்தானாம். அலுவலகக் கம்ப்யூட்டரில் படம் ஓடியது. கேமரா திரும்பத் திரும்ப, திரையில் தட்டு இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தது. வெற்றிலை, பாக்கு. காசு இல்லை. சட்டென்று படம் நின்றது.

"முப்பது செகண்டுக்கு மேல ஓடாது சார். பாத்தீங்களா, அப்பவே காசு இல்ல. இந்தப் பொண்ணு வைக்கவே இல்ல."

"தேதி 2002ன்னு காட்டுதே?" என்றார் பூபதி.

"பேட்டரி மாத்துனா அப்படி ஆயிடும் சார்."

"இடது பக்கம் வெளுத்துக் கிடக்குது?"

"சின்ன சைஸ்ல எடுத்தா வீடியோ மங்கத்தான் சார் செய்யும்."

ஹரிணிக்கு அழுகை முட்டியது. செய்யாத தப்புக்குப் படம் வேறு சாட்சி சொல்கிறதே!

அப்போது பொரியை மென்றபடி உள்ளே வந்தாள் பேச்சியம்மாள். இன்ஸ்பெக்ஷன் பிரிவு. கோவில்பட்டிக்காரி. நாள் முழுக்க இரும்பில் மயிரிழை விரிசல் தேடும் கண் அவளுக்கு. படத்தை இரண்டு தரம் ஓட்டச் சொன்னாள்.

"தம்பி, கேமராவ எப்ப பூஜையில வச்சீக?"

"இந்த வீடியோவ எடுத்ததும் வெச்சேன்க்கா."

"திரும்ப எப்ப எடுத்தீக?"

"பூசணிக்காய எடுக்கறதுக்கு. எல்லாரும் வெளிய போனப்புறம்."

"நான் சாவியோட வாசல்ல நின்னேன்க்கா," என்றாள் ஹரிணி. "உள்ள போயி ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் வந்தாரு."

"பையில போட்டு எடுத்துட்டு வரணுமில்ல?" என்று சுபாஷ் சீறினான்.

"சரி தம்பி. இதே சைஸுல காலையில வேற எதும் எடுத்தீகளா?"

வாசல் கோலத்தை எடுத்திருந்தான். ஓடியது. ஒவ்வொரு இழையும் பளிச்சென்று தெரிந்தது. அடுத்து பூசணிக்காய். அதில் இடது பக்கம் அதே வெளுப்பு, அதே இடத்தில்.

பேச்சியம்மாள் கையிலிருந்த பொரியைத் தட்டிவிட்டாள்.

"வீடியோ மங்குனா படம் பூராவும் மங்கும் சார். இது ஒரு ஓரமா மட்டும் இருக்கு. கறை தட்டுல இருந்தா, தட்டு நகர நகர கறையும் நகரணும். தட்டு நகருது, கறை நின்ன இடத்துலயே நிக்கி. அப்ப கறை கேமராக் கண்ணுல. பூசாரி அப்புன சந்தனம்! தம்பி சட்டையில தொடச்சிருக்காரு, சரியாப் போகல. கோலம் எடுக்கையில இல்லாத சந்தனம் தட்ட எடுக்கையில எப்படி வந்துச்சு? இந்த வீடியோவ எடுத்ததே பூஜைக்குப் பொறகுதான். இந்தப் பிள்ள வாசல்ல நின்ன அந்த ஒரு நிமிஷத்துல, காச எடுத்துட்டு, காலித் தட்ட முப்பது செகண்டு படமும் பிடிச்சிருக்கீக."

சுபாஷின் முகம் செத்துவிட்டது. பூபதி கேமராப் பையை வாங்கிக் கவிழ்த்தார். மாற்று பேட்டரிகளோடு தங்கக் காசும் மேசையில் உருண்டது.

"போலீசக் கூப்பிடவாம்மா?" என்று ஹரிணியிடம் கேட்டார் பூபதி. குரல் இறங்கியிருந்தது.

"அது உங்க இஷ்டம் சார். ஆனா காலையில இருந்து கம்பெனியே என்னைத் திருடின்னு பேசுது. நான் எடுக்கலைன்னு மைக்குல சொல்லுங்க."

மதியம் 1.50. அவர் சொன்னார். தமிழில் சொன்னார், பாகலூர்க்காரர்களுக்காகக் கன்னடத்திலும் சொன்னார். கைதட்டல் கூரைத் தகரத்தை அதிர வைத்தது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஹரிணி, பேச்சியம்மாளின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.