மலை மேல் விழுந்த பின்னல்

“அண்ணே... சீக்கிரம்! மொத்தமா எடுத்துடுங்க!”

தேவயானி பலகையில் உட்கார்ந்து தலையை நீட்டினாள். மூச்சு இரைத்தது.

திருத்தணி மலை மேல், முடி எடுக்கும் மண்டபம். ஆடி மாதக் கூட்டம்.

சவரக் கத்தியோடு சுப்பிரமணி அவளுடைய நீளப் பின்னலைப் பார்த்துத் தயங்கினார்.

“இவ்ளோ முடிம்மா... வேண்டுதலா?”

“ஆங்... வேண்டுதல்தான். பேசிக்கினு இருக்காம எடுங்கண்ணே!”

“இன்னாம்மா அவசரம்? முருகன் எங்கயும் ஓடிப் போமாட்டாரு.”

ஆனால் அவள் ஓடி வந்திருந்தாள்!

காலையில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினான் ஒரு வெள்ளைச் சட்டைக்காரன். கையில் அவளுடைய போட்டோ. ஜன்னல் வழியே பார்த்தவள், கொல்லைப்புறமாக நழுவி ஆட்டோ பிடித்தாள். பின்னாலேயே இன்னொரு ஆட்டோ!

மாட்டினால்... அவ்வளவுதான். எல்லாம் போச்சு!

பின்னல் மடியில் விழுந்தது. கத்தி வழித்தது. உச்சியில் சந்தனம் ஜில்லென்றது.

எழுந்து திரும்பினாள்.

எதிரே... வெள்ளைச் சட்டை!

“ஏம்மா, இவங்கள இந்தப் பக்கம் பாத்தீங்களா?”

போட்டோவில் அவளே சிரித்துக் கொண்டிருந்தாள்.

“நாக்கு தமிழ் ராதண்டி...” என்றாள் தெலுங்கில்.

தமிழே தெரியாதாம்!

அவன் நகரவில்லை. அவள் கண்களையே பார்த்தபடி செல்போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினான்.

அவள் கைப்பை அலறியது!

“வணக்கம் தேவயானி மேடம். நான் சுந்தரமூர்த்தி. கல்வித்துறை விசாரணை அதிகாரி. நீங்க ஸ்கூல் பக்கமே வர்றதில்லன்னு புகார் வந்திருக்கு.”

“பொய் சார்!” அவளுக்குத் தமிழ் திரும்ப வந்துவிட்டது. “அஞ்சாங் கிளாஸை தினம் நான்தான் எடுக்குறேன்!”

“அப்படியா?” அவர் பின்னால் திரும்பினார். “அன்னம்மாள், பொண்ணைக் கூட்டினு வாங்க.”

புகார் கொடுத்தவள் வந்தாள். கையைப் பிடித்தபடி, பள்ளிச் சீருடையில் அவள் மகள், அஞ்சாங் கிளாஸ் சிறுமி.

“ஷாலினி... இவங்க யாரும்மா?”

“தெரியாது சார்.”

“மொட்டை சார்! கொழந்தைக்கு அடையாளம் தெரியல!”

அதிகாரி போட்டோவை நீட்டினார். “இவங்க?”

ஷாலினி அந்த நீளப் பின்னலை ஆசையாகப் பார்த்தாள்.

“பாத்ததே இல்ல சார். எங்க டீச்சர் ஷோபனாக்கா.”

“சம்பளம் இவங்களுக்கு. பாடம் எடுக்க, இவங்க வெச்ச ஆளு ஷோபனா!” என்றாள் அன்னம்மாள்.

சுப்பிரமணியின் வாய் பிளந்தது. தேவயானி தலையைத் தடவிக் கொண்டாள். கையில் சந்தனம்தான் ஒட்டியது.

சுந்தரமூர்த்தி புன்னகைத்தார்.

“மொட்டை போடவாவது ஆள் அனுப்பாம நீங்களே வந்தீங்களே, மேடம்!”