தவிட்டுக்கு மீட்ட பிள்ளை

நேற்றுவரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற கிழவி இன்று திரும்பி நின்றாள்.

இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியில் இருக்கும் அந்தப் பழைய மாளிகையின் வரவேற்பறையைப் பல வருடமாகத் துடைத்துவரும் யோகாம்பாளுக்குச் சுவரை அடைத்துத் தொங்கும் அந்த ஓவியம் மனப்பாடம். இருண்ட மலைப்பாதையில் ஊர்த் திருவிழா. தீப்பந்தப் புகைக்குள் முதுகு காட்டி நெருக்கியடிக்கும் சனம், அதற்குள் அந்தக் கிழவி. அவர்கள் தோளில் ஒரு பல்லக்கு, அதில் முகத்தைத் துணியால் மூடிய ஒரு புனிதை. அடைத்த சன்னலின் இடுக்கால் வந்த மத்தியான வெயில் கிழவியின் கன்னத்தில் விழுந்தது. அவளுக்குக் கன்னம் இருந்ததே புதினம்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு தன்னையே ஏசினாள் யோகாம்பாள். இனிப் பயப்பட என்ன இருக்கிறது? மகள் சிவானுஜா பிழைத்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து இந்த மாளிகையின் குசினியில் இருந்து படிக்கிறாள்.

மாசியில் பிள்ளை காய்ச்சலில் துவண்டு, டொக்டர்மாரும் கையை விரித்தபோது, இந்த ஓவியத்தின் முன்னால்தான் விழுந்து அழுதாள். பலெர்மோத் தமிழர் பலரையும்போல அவளுக்கும் மலைமேல் குகைக்கோயிலில் இருக்கிற புனிதை சாந்தா ரொசாலியாதான் கண்கண்ட தெய்வம். துணிக்குள் இருப்பதும் அவளே என்று நம்பி, "இவள் இனி உன்ர பிள்ளை" என்று, தெய்வத்துக்கு விற்ற பிள்ளை பிழைக்கும் என்ற ஊர் வழக்கப்படி மகளை விற்றாள். அன்றிரவே காய்ச்சல் இறங்கியது. விற்ற பிள்ளையைத் தவிடு கொடுத்து மீட்கவேண்டுமே. கபோ சந்தையில் கோதுமைத் தவிடு வாங்கி, வெறுங்காலோடு மலையேறி, ரொசாலியாவின் குகையில் வைத்துப் பிள்ளையை மீட்டு வந்தாள்.

அவள் சின்யோரா என்று மரியாதையாகக் கூப்பிடும் வீட்டுக்காரப் பெண்மணி கோப்பியோடு உள்ளே வந்தார். ரொசாலியாவின் படத்தை யாராவது துப்புரவாக்கினார்களா என்று யோகாம்பாள் தனக்குத் தெரிந்த இத்தாலியனில் கேட்டாள்.

"ரொசாலியாவா? யார் சொன்னது?" சின்யோரா சிரித்தார். "இது பலெர்மோவே இல்லை. என் கணவர் எங்கேயோ வாங்கியது. அந்தத் துணிக்குள் யார் என்று அவருக்கும் தெரியாது."

அவர் போய்விட்டார். யோகாம்பாள் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். விற்றது ஒருத்தியிடம். மீட்டது இன்னொருத்தியிடம்.

குசினிக்கு ஓடினாள். தவிடு வேண்டும், ஒரு பிடி போதும். அலுமாரியைத் திறந்து மாவையும் சீனியையும் தள்ளித் தேடினாள். இல்லை. திரும்பினாள். மேசையில் கொப்பி விரிந்து கிடந்தது. கதிரையில் பிள்ளை இல்லை.

"ஓம் அம்மா, வாறன்."

குரல் வரவேற்பறையிலிருந்து வந்தது. அவள் கூப்பிடவேயில்லை.

ஓடினாள். ஓவியத்தின் முன்னால் சிவானுஜா வெறுங்காலோடு நின்றாள். படத்தில் ஒரு முதுகும் இல்லை. எல்லாம் முகங்கள். சனம் இரண்டாய்ப் பிரிந்து நடுவே வழி விட்டிருந்தது. பல்லக்கு நிலத்தில். அதில் துணி மட்டும்.

"பிள்ளை, இஞ்சை வா."

சிவானுஜா திரும்பினாள். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. பிறத்தியாரைப் பார்க்கிற மரியாதை.

"சின்யோரா, என்னை அம்மா கூப்பிடுறா."

வீதி கடக்கும்போது நீட்டுவதுபோல வலக்கையை உயர்த்தினாள். ஒன்றுமில்லாத இடத்தில் அந்தச் சின்ன விரல்கள் எதையோ இறுகப் பிடித்தன. கை மெதுவாக முன்னே இழுபட்டது.