அசைந்து கொடுக்காத புள்ளி

சித்தியின் ஆய்வுக்கூடத்தில் எதையும் தொடக்கூடாது. அதனால் பத்து வயது வாலு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் கண்களால் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாள்.

மைக்ராஸ்கோப்பின் திரையில் குட்டிக் குட்டி மாத்திரைகள் போல பாக்டீரியாக்கள் தெரிந்தன.

“ஏன் சித்தி, கலரே இல்லாம கிடக்கு? ஸ்கூல்ல சாயம் போட்டுத்தான் காட்டினாங்க.”

“சாயம் போட்டா பாவம், அதுங்க இயல்பா இருக்காது. இதுக்கு வெறும் வெளிச்சமே போதும். அதுங்க மேல பட்டுச் சிதறுற வெளிச்சத்தை வச்சே இந்த மைக்ராஸ்கோப் படம் காட்டிடும்.” சித்தி ஒரு கறுப்புப் புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். “பாக்டீரியா மேல உட்கார்ந்திருக்கான் பாரு, வைரஸ். கொஞ்ச நேரத்துல அதை வெடிக்க வச்சிடுவான். அஞ்சு மணிக்குப் பெரிய மேடம் வர்றாங்க. இவனைக் காட்டலைன்னா நாளைக்கே மைக்ராஸ்கோப்பைப் பக்கத்து ரூம்காரங்களுக்குக் கொடுத்திடுவாங்க.”

வாலுவின் முகத்தைப் பார்த்து சித்திக்கு இரக்கம் வந்தது. “சரி, இந்தத் திருகை மட்டும் மெல்லத் திருப்பு. பாக்டீரியா இருக்கிற கண்ணாடித் தகடு நகரும்.”

திருப்பினாள். பாக்டீரியாக்கள் எல்லாம் இடப்பக்கம் போயின. புள்ளி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. மறுபக்கம் திருப்பினாள். ஊஹூம்.

சொல்லலாமா? சித்தி மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை. ஆனால் மேடமே கண்டுபிடித்துவிட்டால்?

“சித்தி,” என்றாள் மெதுவாக. “பஸ் நகர்ந்தா உள்ள இருக்கிறவங்களும் கூடவே போகணும்ல? உங்க ஆளு மட்டும் அங்கேயே நிக்கிறான்.”

சித்தி தானே இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். பிறகு தலையில் கை வைத்தாள்.

“கேமராவுல தூசி. தூசியையா காலையில இருந்து கொஞ்சிக்கிட்டு இருந்தேன்?”

“ரொம்ப சமத்தான தூசி சித்தி.”

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரப்பர் குமிழை அமுக்கிக் காற்றடித்தாள். புள்ளி காணாமல் போனது. மணி நாலரை.

இருவரும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, அந்தத் தூசியைவிடச் சின்னதாய் ஒரு புள்ளி நடுங்கிக்கொண்டே வந்தது. ஒரு பாக்டீரியாவை உரசியது, விலகியது, திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது.

வாலு திருகைத் திருப்பினாள். பாக்டீரியா நகர்ந்தது. புள்ளியும் கூடவே போனது.

கதவு திறந்தது. “எங்கேம்மா உங்க வைரஸ்?” என்றார் மேடம்.

“உஷ்,” என்றாள் வாலு. “உள்ள போயி வேலை பார்த்துக்கிட்டு இருக்கு.”

மூவரும் குனிந்து காத்திருந்தார்கள். சித்தி கடிகாரத்தைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். சட்டென்று அந்த பாக்டீரியா சோப்புக் குமிழி போல உடைந்தது. சுற்றிலும் புதுப் புள்ளிகள் சிதறின.

மேடம் வாலுவின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பக்கத்து ரூம்காரங்க அடுத்த மாசம் வரட்டும். அடுத்து எது வெடிக்கும்னு சொல்லு பாப்பம்?”