கை எடுத்தாச்சா?

கேள்வியைக் கேட்பதற்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது.

சின்னவன் அப்போதுதான் சுவிட்ச் அறை வாசலுக்கு வந்து, அண்ணாந்து பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டான். "கை எடுத்தாச்சா?" என்று இன்னும் கேட்கவில்லை. வாயே திறக்கவில்லை. அதற்குள் மேலே, பொய்க்கூரைக்கும் ஓட்டுக்கும் நடுவில் கிடந்த இருட்டிலிருந்து, "எடுத்தாச்சு" என்று ஒரு குரல் இறங்கி வந்தது. தூங்கி எழுந்தவனின் நாக்கைப் போலத் தடித்த குரல். தெரிந்த குரல்தான். யாருடையது என்பதுதான் பிடிபடவில்லை.

மேலே இருந்தது ஒரே ஒருவர், அவனுடைய தங்கையின் கணவர். அது அவருடைய குரல் இல்லை.

வெளியே கண் கூசும் வெயில். ஆனால் நாடக அரங்குக்கு ஜன்னல் ஏது? விளக்கை அணைத்தால் இருட்டாக வேண்டும் என்பதற்காகவே கட்டிய கட்டடம் அது. எரிவாயு விளக்குகள் எரிந்த காலத்துக் கரி இன்னும் சுவர்களில் படிந்திருந்தது. திரைச்சீலையின் ஈரவாடையும், தச்சர் இழைத்துப் போட்ட மரத்தூளின் வாசனையும், எங்கிருந்தோ எலி செத்த நாற்றமும் ஒன்றாகக் கலந்து, அசையாமல் நின்றன. பின்பக்கக் கொட்டகையில் எஞ்சின் ஓடுவது காதுக்குக் கேட்பதைவிட உள்ளங்காலுக்குத்தான் அதிகம் தெரிந்தது. சின்னவன் கையில் இருந்த லாந்தர் வெளிச்சம் அவன் முழங்காலோடு நின்றுவிட்டது.

மின்விளக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. சுவிட்ச் அறையின் சுவரில் ஒரு கறுப்புக் கற்பலகை, அதில் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும் செப்புத் தாடைகள், அந்தத் தாடைக்குள் போய் உட்காரும் ஒரு செப்புப் பட்டை. எஞ்சினை நிறுத்தாமலே அரங்கத்து விளக்குகளுக்குப் போகும் கரண்டை மட்டும் வெட்டிவிடுவதற்காக வைத்த பாதுகாப்பு ஏற்பாடு அது. அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் அது வெறும் கத்தி. கத்தியை இறக்கினால் மேலே கம்பியில் உயிர் இல்லை. ஏற்றினால் உண்டு.

அதற்கு ஒரு முறையும் வைத்திருந்தார்கள். கத்தியை இறக்கியவன் அதன் மரப்பிடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பிடி இல்லாமல் யாரும் கத்தியைத் தொட மாட்டார்கள், பைத்தியம் பிடித்திருந்தால் ஒழிய. வேலை முடிந்ததும் கீழே இருப்பவன், "கை எடுத்தாச்சா?" என்று கத்த வேண்டும். மேலே இருப்பவன், "எடுத்தாச்சு" என்று சொன்ன பிறகுதான் ஏற்ற வேண்டும். இந்த முறையை ஏற்படுத்தியதே சின்னவனின் அண்ணன்தான். அவனைப் பெரியவன் என்று கூப்பிடுவார்கள். "நாம சத்தம் போடறதைப் பாத்து ஊரே சிரிக்கட்டும். சிரிக்கிறவன் வந்து கம்பியைப் பிடிக்கட்டும்" என்பான்.

அந்த முறைப்படிதான் சின்னவன் ஒருநாள் கேட்டான். பதில் வந்தது. ஏற்றினான். மேலே பெரியவனின் கை கம்பியில் இருந்தது.

பதறிப் போய்க் கத்தியை இழுத்தபோது பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. சின்னவன் அதை வீசிவிட்டு வெறுங்கையால் செம்பைப் பற்றி இழுத்தான். பைத்தியக்காரத்தனம்தான். கத்தி இறங்கியது, அவனும் பிழைத்தான், பெரியவன் பிழைக்கவில்லை. உடலை இறக்கியபோது அண்ணனின் பற்களுக்கு நடுவே திருகாணிகள் இருந்தன. இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது அவற்றை வாயில் கடித்துக்கொள்வது கூரை வேலைக்காரர்களின் பழக்கம். திருகாணியைக் கடித்துக்கொண்டிருந்தவன் எப்படிப் பேசியிருப்பான்? பக்கத்தில் நின்ற தச்சரும், சின்னவனின் கேள்விதான் காதில் விழுந்தது, பதில் எதுவும் விழவில்லை என்றார். யாரும் சின்னவனைத் திட்டவில்லை. காது ஏமாத்திடுச்சு, பாவம் என்றார்கள். அந்தப் பாவம்தான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு எரிச்சலும் போய்விட்டது.

அன்றிலிருந்து வலது கை மணிக்கட்டுக்குக் கீழே மரத்துவிட்டது. அசையும், பிடிக்கும், ஆனால் எதைப் பிடித்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். ஒருநாள் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அந்தக் கையால் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே நின்றான். தங்கை அலறிய பிறகுதான் கீழே பார்த்தான். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. அவள் மருந்து தடவிக்கொண்டே அழுதாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணனுக்காகக்கூட அவனுக்கு அழுகை வரவில்லை. மரத்தது கை மட்டும் இல்லை என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

இன்று காலை புறப்படும்போது தங்கை வாசல் வரை வந்தாள். அவள் புருஷன் முன்னால் நடந்துவிட்டார்.

"சின்னண்ணா, உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இன்னிக்கு உன் காதை நம்பாதே. அவர் கையை உன் கண்ணால பாத்துட்டு அப்புறம் ஏத்து."

"சரிம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

வேறு எதுவும் அவனிடம் மிச்சம் இல்லை. அந்த ஒரு சத்தியத்தை மட்டும் காப்பாற்றிவிட வேண்டும் என்று நினைத்தான். அந்த நினைப்பிலும் ஒரு சூடு இல்லை. பூட்டைப் பூட்டினோமா என்று திரும்பிப் பார்ப்பது போல இருந்தது.

இப்போது அவன் இருட்டைப் பார்த்து மெதுவாகக் கூப்பிட்டான். "மாப்ளே?"

 பொய்க்கூரையில் விளக்குகள் தொங்குவதற்காக வட்ட வட்டமாக ஓட்டைகள் போட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றில் மட்டும் மாப்பிள்ளையின் லாந்தர் வெளிச்சம் மஞ்சளாகத் தெரிந்தது. சற்று நேரம் அது மறைந்தது. யாரோ ஓட்டையைக் கடந்து போனது போல. மறுபடி தெரிந்தது.

"எடுத்தாச்சு."

இந்தத் தடவை இன்னும் கிட்டத்தில்.

முன்வாசல் கதவு திறந்தது. மேலாளர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருப்பதால் அவருக்கு அவசரம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"என்னப்பா, அவர்தான் எடுத்தாச்சுங்கறாரே? ஏத்தேன். சாயங்காலம் ஆட்டத்துக்கு ஜனம் வந்துடும்."

சின்னவன் லாந்தரோடு அவர் பக்கம் திரும்பினான். "உங்களுக்கும் கேட்டுச்சா?"

"செவிடா நான்? நல்லாத்தான் கேட்டுச்சு."

"ஒரு தடவை மேல போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"என்னவோ செய். சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு அவசரம் போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது. வெளியே அவருடைய செருப்புச் சத்தம் தெருப்பக்கமாகத் தேய்ந்து மறைவதை அவன் கடைசிவரை கேட்டான். அரங்கில் இப்போது வேறு யாரும் இல்லை.

சுவிட்ச் அறைக்குள் போய்ப் பார்த்தான். கத்தி இறங்கித்தான் இருந்தது. மரப்பிடி அவனுடைய சட்டைப் பையில் கனத்தது. இடது கையால் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு அறைக் கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டான்.

மேடைக்குப் பக்கத்தில் செங்குத்தான மரப்படி. லாந்தரை இடது கையில் மாற்றிக்கொண்டு, வலது கையால் கைப்பிடியைப் பிடித்தான். பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு படியிலும் பார்த்துக்கொண்டே ஏற வேண்டியிருந்தது. ஏற ஏறக் காற்று புழுங்கியது. ஓட்டில் காய்ந்த வெயில் தலைக்கு மேலே அடுப்பாகக் கிடந்தது. அதற்குள்ளும் ஒரு வாடை. முடி பொசுங்கிய வாடை. அது பழைய வாடைதான், அண்ணன் போன நாளிலிருந்து இங்கே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் பழைய வாடைக்கு இவ்வளவு காரம் இருக்காது.

மேலே நிமிர முடியாது. உத்தரங்களின் மேல் தவழ்ந்துதான் போக வேண்டும். தூசியில் மாப்பிள்ளை தவழ்ந்து போன தடம் தெளிவாக இருந்தது. ஒரே தடம்.

அவர் ஒரு உத்தரத்தின் மேல் குந்தியிருந்தார். முன்னால் திறந்த மரப்பெட்டி. அதற்குள் தோல் உரித்த கம்பிகளின் செப்பு முனைகள். இரண்டு கைகளும் அந்த முனைகளின் மேல்.

லாந்தரைத் தூக்கிப் பிடித்தான். மாப்பிள்ளை திரும்பினார். உதடுகளுக்கு நடுவே திருகாணிகள் பளபளத்தன.

"நீங்க பதில் சொன்னீங்களா, மாப்ளே?"

இல்லை என்று தலையாட்டினார். முகத்தில் வியப்புதான் இருந்தது, பயம் இல்லை. திருகாணிகளை உள்ளங்கையில் துப்பினார். "நீங்க இன்னும் கேக்கவே இல்லியே, மச்சான்."

சின்னவன் கிட்டே நகர்ந்தான். முழங்கால் வழுக்கியது. சமாளித்துக்கொண்டான்.

"கையை எடுங்க. வேலை அப்புறம் பாக்கலாம். கீழே போயிடலாம், வாங்க."

"இன்னும் ஒரே ஒரு முனைதான். பிடி உங்ககிட்டத்தானே இருக்கு?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

அப்போது கீழே தாழ்ப்பாள் நகர்ந்தது.

மெதுவாக. துரு உரசும் சத்தம். கதவின் கிரீச். காலடி எதுவும் இல்லை. ஒரு தொண்டை செருமும் சத்தம்.

"கை எடுத்தாச்சா?"

மாப்பிள்ளை கீழே பார்க்கவில்லை. சின்னவனின் வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது. கீழே கேட்டது அவனுடைய குரல்.

"எடுங்க" என்றான். மூச்சாகத்தான் வந்தது. "எடுங்க மாப்ளே, எடுங்க!"

மாப்பிள்ளை வெடுக்கென்று கைகளை இழுத்துக்கொண்டார். பின்னால் சாய்ந்து, இரண்டையும் லாந்தர் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பத்து விரலும். வெறும் விரல்கள். சின்னவன் கண்ணால் பார்த்தான். நன்றாகப் பார்த்தான்.

அப்பாடா. சத்தியம் காப்பாற்றியாயிற்று. மாதக் கணக்கில் வராத ஏதோ ஒன்று நெஞ்சில் அசைந்தது. அழுகையாக இருக்கலாம்.

"கை எடுத்தாச்சா?" கீழே மறுபடியும். பொறுமையாக. முறைப்படி.

மாப்பிள்ளை கையை இறக்கவில்லை. அவருடைய பார்வை பெட்டிக்குள் போயிருந்தது.

"மச்சான்." கண்ணாலேயே பெட்டியைக் காட்டினார். "உங்க கை."

சின்னவன் பார்த்தான்.

பெட்டிக்குள் ஒரு கை இருந்தது. முழங்கால் வழுக்கியபோது ஊன்றியதாக இருக்கும். உள்ளங்கை ஓரத்தில் பழைய கொப்பளத்தின் வடு. விரல்கள் செப்பு முனைகளைச் சுற்றி மூடியிருந்தன, யாரோ பிடித்து மூடிவிட்டது போல. அது அவனுடைய கை. வா என்றான் மனதுக்குள். வரவில்லை. தோளை இழுத்தான். தோள் வந்தது. கை வரவில்லை.

"எடுங்க மச்சான்! எடுக்கல, இன்னும் எடுக்கல!" மாப்பிள்ளை ஓட்டை வழியாகக் கீழே கத்தினார்.

கீழே அமைதி. காத்திருக்கும் அமைதி. அது ஒரு ஆளின் பதிலுக்காகத்தான் காத்திருந்தது.

எடுக்கல என்று சொல்லத்தான் சின்னவனும் வாயைத் திறந்தான். நாக்கு தடித்திருந்தது. உதடு மரத்திருந்தது. தன் வாய் அசைவது அவனுக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் காதில் விழுந்தது. தூங்கி எழுந்தவனின் குரல். அன்றைக்கு அண்ணனுக்காகப் பதில் சொன்ன குரல்.

"எடுத்தாச்சு."

கீழே செம்பு செம்போடு போய் உட்கார்ந்தது.

பொய்க்கூரையின் ஓட்டைகளில் வெளிச்சம் வந்தது. எல்லாவற்றிலும். உத்தரங்கள், தூசி, சுவரோரமாகக் கத்திக்கொண்டே தவழ்ந்து விலகும் மாப்பிள்ளை, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. சின்னவன் அசையாமல் உட்கார்ந்து தன் வலது கையிலிருந்து எழும் புகையைப் பார்த்தான். பையில் மரப்பிடி இருந்த இடத்திலேயே இருந்தது. வலிக்கும் என்று காத்திருந்தான். வலிக்கவில்லை.