ஒத்திகைப்பெட்டிக்கு ஒரு மோட்டார்

பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்று சொல்வதற்குக்கூட அந்தத் தெருவில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். ஒத்திகைப்பெட்டி வந்த பிறகு கோயம்புத்தூரில் வாய்ச்சண்டைகள் குறைந்துபோயின. நாம் பேசப்போகிற ஆளின் பழைய பேச்சையும் செய்திகளையும் பெட்டி படித்து வைத்திருக்கும். இப்படிச் சொன்னால் அவர் சிரிப்பார், அப்படிச் சொன்னால் முகம் சுளிப்பார் என்று முன்கூட்டியே நடத்திக் காட்டும். பிறகு நல்ல வாக்கியமாக ஒன்றை எடுத்துக் கொடுக்கும். அதைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

மரகதவல்லிக்கு வேண்டியது பால்கார ஒத்திகை அல்ல. தம்பி சென்னியப்பனிடம் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், அவள் வீட்டில் இருந்த அப்பாவுக்கு ஓர் இரவு மூச்சுத் திணறியது. தம்பிக்குச் சொல்லலாமா என்று அவள் பெட்டியைத்தான் கேட்டாள். ‘பதற்றத்தில் வண்டி ஓட்டுவார், விடிந்ததும் சொல்லுங்கள்’ என்றது பெட்டி. விடிவதற்குள் அப்பா போய்விட்டார். உயிரோடு ஒருமுறை முகம் பார்க்கக் கிடைக்காத சென்னியப்பன் அதன்பின் அக்காள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு வரி வாழ்த்து மட்டும் வரும். கோபமோ பாசமோ ஒட்டாத, பெட்டி எடுத்துக் கொடுத்த வரி. அவளும் அதே மாதிரி ஒன்றை அனுப்பிவைப்பாள்.

அப்பாவின் திதிக்கு அவள் வீட்டில் ஓர் இலை, அவன் வீட்டில் ஓர் இலை. ஒரே மனிதரை இரண்டு வீட்டுக்கு அலையவிட்டுச் சோறு போடுவது அவளுக்குப் பாவமாகப் பட்டது. வருகிற வெள்ளிக்கிழமை மூன்றாவது திதி. அதற்குள் எப்படியாவது ஒரே இலையாக்கிவிட வேண்டும்.

வாடகைப் பெட்டிகள் கைகொடுக்கவில்லை. நாலு வார்த்தை போனதுமே ‘இதற்கு மேல் கணிக்க இயலவில்லை’ என்று நின்றுவிட்டன. வீட்டிலேயே பெரிய சேவையகம் ஒன்றைத் தானே பாகம் பாகமாகப் பூட்டிவிடுவது என்று மரகதவல்லி முடிவு செய்தாள். உக்கடத்தில் கணினி உதிரிபாகம் விற்கும் ஹனீபா பாய் கடையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கி வந்தாள். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இடம் ஒழித்து, இரும்புக் கூட்டில் தாய்ப்பலகையைத் திருகினாள். மூலையில் இருந்த முக்கோணக் குறியைப் பார்த்து, செயலிச் சில்லை அதன் குழியில் அழுத்தாமல் இறக்கினாள். அதன் முதுகில் வெப்பப்பசையைப் பட்டாணி அளவு வைத்தாள். நினைவகப் பட்டைகளைச் ‘சொடக்’கென்று சத்தம் வரும்வரை அழுத்தினாள். பிறகு கணக்கை விரைவாக்கும் வேகப்பலகைகள், மின்வழங்கி. ஒவ்வொரு திருகுக்கும் ஒரு முறை ‘முருகா’ என்றாள்.

பெட்டி உயிர் பெற்றது. ஆனால் சென்னியப்பனின் பதிலை எட்டுவதற்குள் கொதித்து அணைந்துவிட்டது. மின்விசிறிகளைக் கூட்டினாள், அணைந்தது. நினைவகத்தை இரட்டிப்பாக்கினாள், இன்னும் சீக்கிரமாக அணைந்தது.

“உங்க தப்பில்லீங்கம்மா,” என்றார் ஹனீபா பாய். “உங்க தம்பியும் பொட்டியைப் பாத்துத்தானே பேசுவாரு? அப்ப உங்க பொட்டி, அவரு பொட்டி என்ன சொல்லும்னும் ஓட்டிப் பாக்கணும். அது உங்க பொட்டியை ஓட்டிப் பாக்கும். ரெண்டு கண்ணாடியை எதிரெதிரா வெச்ச மாதிரிதான். கொதிக்காம என்ன செய்யும்?”

“அப்ப முடியவே முடியாதுங்களா பாய்?”

“தண்ணி சுத்தவிட்டா முடியும். ஆனா இத்தனை சூட்டைத் தாங்கற குட்டி மோட்டாரு ஊருக்குள்ள ஒரே பட்டறையிலதான் செய்யறாங்க.” பாய் காதைச் சொறிந்துகொண்டார். “பீளமேட்டுல. உங்க தம்பி பட்டறைங்கம்மா.”

மரகதவல்லி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தம்பியிடம் பேசக் கற்றுக்கொடுக்கும் பெட்டி ஓட வேண்டுமானால், முதலில் தம்பியிடம் பேசி மோட்டார் வாங்க வேண்டும்.

“நீங்களே வாங்கிக் குடுத்துருங்க பாய். எம் பேரை மட்டும் சொல்லீறாதீங்க.”

“அல்லா மேல ஆணையா உங்க பேரைச் சொல்ல மாட்டேன்.”

பாய் வாக்குத் தவறவில்லை. மோட்டாரைப் பொருத்த வேண்டிய வீட்டின் முகவரியை மட்டும்தான் சொன்னார்.

புதன்கிழமை உச்சி வெயிலில் அழைப்புமணி அடித்தது. பட்டறை ஆள் என்று நினைத்து மரகதவல்லி கதவைத் திறந்தாள். கையில் அட்டைப்பெட்டியும் தோளில் குழாய்ச் சுருளுமாகச் சென்னியப்பன் நின்றான். முன்தலை நரைத்திருந்தது.

அவளுக்கு வாக்கியம் எடுத்துக் கொடுக்கப் பெட்டி இல்லை. அது உள்ளே அணைந்து கிடந்தது.

“செருப்பை அங்க கழட்டாத சாமி, கல்லு சுடும்,” என்று அவள் வாய் தானாகச் சொன்னது. “உள்ள வந்து கழட்டு.”

அவன் செருப்போடு உள்ளே வந்தான்.

“தண்ணி குடுங்கக்கா.”

ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, பெட்டியின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“யாரு பூட்டுனது இதை?”

“நாந்தான்.”

“ஒயரையெல்லாம் சடை பின்னி வெச்சிருக்கீங்க. பூ ஒண்ணுதான் வெக்கல. காத்து எந்த வழியாப் போகும்?”

“வந்ததும் ஆரம்பிச்சுட்டியா?”

அவள் குழாயைப் பிடித்துக்கொண்டாள், அவன் மோட்டாரைப் பொருத்தினான். தலையைத் தூக்காமலே கேட்டான்: “யாரோட பேசறதுக்குங்க இத்தனை சூடு?”

அவள் குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“இந்த மோட்டாரை மொதல்ல எம் பொட்டிக்குத்தான் செஞ்சேன்,” என்றான் அவன். “அதுவும் ஒருத்தரை நெனச்சே கொதிச்சுட்டுக் கெடந்துச்சு.”

அவன் விசையைத் தட்டினான். குழாயில் தண்ணீர் ஓடியது. பெட்டி இந்த முறை அணையவில்லை. தெளிவான குரலில் அறிவித்தது: “கணிப்பு முடிந்தது. சென்னியப்பன் மன்னிக்கும் வாய்ப்பு, நூற்றுக்கு மூன்று. நேரில் சந்திப்பதைத் தவிர்க்கவும்.”

சென்னியப்பன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

“மூணா? எம் பொட்டி ரெண்டுன்னுதானுங்க சொல்லுச்சு. நீங்க கதவே தொறக்க மாட்டீங்கன்னு.”

பெட்டிகள் இரண்டுமே பொய் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளாக அவை தின்று வளர்ந்ததெல்லாம், தாங்களே எடுத்துக் கொடுத்த வாழ்த்து வரிகளைத்தான். அந்த வரிகளுக்குள் இருந்த இரண்டு மரியாதைக்காரர்களும் ஒருவரையொருவர் மன்னிக்கக்கூடியவர்கள் அல்லர்.

“அன்னைக்கு ராத்திரி உன்னைத்தாண்டா கூப்புட்டிருக்கணும்,” என்றாள் அவள். “நான் போய் இதைக் கேட்டேன்.”

சென்னியப்பன் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “எனக்குக் கோவந்தான். இன்னும் இருக்குது. வெள்ளிக்கிழமை இங்க வந்து உக்காந்துட்டுக் கோவப்படறேன். இலையை இங்கயே போடுங்க.”

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“எச்சரிக்கை. அறையில் இருப்பவரின் குரல் சென்னியப்பனுடன் பொருந்துகிறது. சொற்கள் பொருந்தவில்லை. இவர் சென்னியப்பன் அல்லர். அந்நியர் ஒருவரை வீட்டுக்குள் விட்டிருக்கிறீர்கள்.”

மோட்டார் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மரகதவல்லி எழுந்து போய் அந்த அந்நியருக்குச் சோறு போட்டாள்.